பஞ்சு சுற்றிய கம்பி

பஞ்சு என்று தெருவே கூப்பிட்ட அந்தப் பெண் எதைச் செய்தாலும் சத்தம் வராது. தட்டு கை தவறி விழுந்தால் விளிம்பு நெளியும், ஆனால் ஒலி எழாது. கதவைச் சாத்தினால் சாத்தியது கண்ணுக்குத்தான் தெரியும். பேசினால் உதடு அசையும், மூச்சுக் காற்று எதிரில் இருப்பவர் கன்னத்தில் படும், அவ்வளவுதான். டாக்டர்கள் தொண்டையையும் நெஞ்சையும் சோதித்துவிட்டு எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை அவள் கிழித்தபோதும் சத்தம் வரவில்லை. படித்து முடித்ததும் மருத்துவமனையில் நர்ஸ் வேலை சுலபமாகக் கிடைத்தது. அவள் பார்த்துக்கொண்ட வார்டில் நோயாளிகள் நன்றாகத் தூங்கினார்கள், சிலர் குணமாகி வீடு திரும்பும்வரை தங்களுக்கு ஊசி போட்டது யார் என்று தெரியாமலே இருந்தார்கள்.

மர அறுவை இயந்திரத்தில் கட்டைவிரலைக் கொடுத்துவிட்டு அந்த வார்டுக்கு வந்தவர் பாஸ் கிட்டார் செய்கிறவர். மரக்கட்டையோடு மாரடிப்பவர் என்பதாலும், அவர் செய்யும் வாத்தியம் கட்டைச் சுருதியில் பேசுவது என்பதாலும், ஆள் வாயைத் திறந்தால் அதே சுருதிதான் என்பதாலும் அவருக்குக் கட்டை என்றே பெயர் நிலைத்திருந்தது. வாசிப்பவரின் கை நீளத்தையும் விரல் அகலத்தையும் தையற்காரர் போல அளந்து, அதற்கேற்ற மரத்தை இழைத்து, நான்கு தடித்த கம்பிகளை இழுத்துக் கட்டிக் கொடுப்பார். கட்டு மாற்ற வந்தவளின் விரல்களையும் பழக்க தோஷத்தில் கண்ணாலேயே அளந்தார். விரல் கூடியது, கல்யாணமும் கூடியது. பிறகு பட்டறையில் மரம் இழைக்கும் வேலையைப் பாதி நேரம் பஞ்சு எடுத்துக்கொண்டாள். அவள் கைக்குப் போனதும் இழைப்பு இயந்திரம் வாயை மூடிக்கொள்ளும், தூள் மட்டும் பறக்கும். தெருவில் புகார்கள் பாதியாகக் குறைந்தன.

கட்டையின் அம்மாவுக்குத்தான் இந்த மருமகள் ஒத்துவரவில்லை. முதலில் அது வெறும் முணுமுணுப்பாக இருந்தது. வீட்டில் ஆள் நடமாடுகிற அரவமே இல்லை, குடித்தனம் நடக்கிற வீடா இது என்று கேட்டார். பிறகு அவருடைய கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒரு மழைக்காலத்தோடு முழுசாகப் போனது. அன்றிலிருந்து அவருக்கு மருமகளே இல்லாமல் போனாள். எதிரில் தட்டு வந்து உட்காரும், யார் வைத்தது என்று தெரியாது. போர்வை தானாகக் காலை மூடும். எழுதிக் காட்ட வழியில்லை, தொட்டுச் சொல்லலாம் என்றால் எந்தப் பக்கமிருந்து கை வரும் என்று தெரியாமல் அம்மா தூக்கிவாரிப் போட்டாற்போல் நடுங்கினார்.

“தொட வேண்டாம்னு சொல்லுடா அவகிட்ட. உசுரே போயிட்டு வருது” என்றார் மகனிடம்.

பஞ்சு அப்போது அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அதன்பின் தொடுவதை விட்டுவிட்டாள். வேண்டியதை வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, சுவரோரம் நின்று அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படியிருக்கும்போது ஒரு நெட்டையான வாத்தியக்காரர் தன் பழைய பாஸ் கிட்டாரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். வாத்தியத்தின் கழுத்து வளைந்திருந்தது, நிமிர்த்த வேண்டும். அதன் கம்பிகளுக்குக் கீழே இருந்த பிக்கப்பைப் பார்த்ததும் கட்டை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எப்போதோ மூடிவிட்ட ஒரு சின்னக் கம்பெனியின் சரக்கு அது. செய்தவை கொஞ்சம், மிஞ்சியவை அதிலும் கொஞ்சம். பிக்கப் என்பது பெரிய மாயமெல்லாம் இல்லை, காந்தத்தைச் சுற்றி மயிரிழைச் செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மின்சாரம் சிலிர்க்கும், ஸ்பீக்கர் அதைச் சத்தமாக்கும். கட்டை கழுத்தை நிமிர்த்தி, ஸ்பீக்கரில் செருகிச் சோதித்துவிட்டுக் கை கழுவப் போனார். பஞ்சு தூசி துடைத்தாள். அவள் விரல் தடித்த கம்பியில் பட்டது.

பட்டறை முழுக்க ஒரு சத்தம் எழுந்து, ஜன்னல் கண்ணாடியைத் தொட்டு, அடங்கியது.

கட்டை ஈரக் கையோடு வந்து நின்றார். பஞ்சு மறுபடி மீட்டினாள், மறுபடி வந்தது. பட்டறையில் தொங்கிய மற்ற கிட்டார்களை ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்துப் பார்த்தார். கம்பி அதிர்ந்தது, சத்தம் இல்லை. அந்தப் பழைய பிக்கப் மட்டும்தான் அவளைக் காட்டிக்கொடுத்தது. உள்ளறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

“யாருடா அது?”

“உங்க மருமகதாம்மா.”

அம்மா சுவரைத் தடவிக்கொண்டே பட்டறை வாசல்வரை வந்தார். ஆமாம் என்றால் ஒரு தடவை மீட்டுவது, இல்லை என்றால் இரண்டு தடவை என்று கட்டை ஏற்பாடு செய்து வைத்தார்.

“இத்தனை நாளும் இங்கதான் இருந்தியா?”

ஒரு தடவை.

“நான் உன்னைப் பத்திப் பேசினதெல்லாம் காதுல விழுந்துச்சா?”

கொஞ்சம் பொறுத்து, ஒரு தடவை.

அம்மா அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். “சரி. ஏதோ தெரியாமப் பேசிட்டேன். இனிமே எதுத்துப் பேசு” என்றார்.

நெட்டையர் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, வாத்தியத்தைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் அவருக்கும் வயிறு இருந்தது, அந்தச் சத்தத்துக்காகத்தான் அவரைக் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் கட்டை பிக்கப்பைத் திறந்து, கம்பியின் பருமன், அதன் மேல்பூச்சு, சுற்றின் இறுக்கம், காந்தத்தின் வலு எல்லாவற்றையும் அளந்து, ஒரு நகல் செய்தார். நெட்டையர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டு, தன்னுடையது எது என்று தெரியாமல் விழித்தார். பஞ்சு மீட்டியபோது நகல் வாய் திறக்கவில்லை. இன்னொன்று செய்தார், அதுவும் இல்லை. சொன்ன கெடு முடிந்ததும் மூல வாத்தியத்தை நெட்டையர் வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி படியிறங்கிப் போனார்.

“அவ போயிட்டாளா?” என்று அம்மா கேட்டார்.

“இங்கதாம்மா நிக்கறா.”

“நின்னா பேசச் சொல்லு.”

இப்படியே வருஷங்கள் போயின. கட்டை செய்த நகல்களுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் தேடி வந்தார்கள். அச்சு அசல் என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள், அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சில் முள் தைத்தது. ஒவ்வொரு பிக்கப்பையும் முதலில் பஞ்சுவின் கையில்தான் கொடுப்பார். அவள் மீட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததைப் போலச் சிரித்து, திருப்பிக் கொடுப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அவர் கடைசியில் கொடுப்பதை நிறுத்தினார். அம்மா படுத்த படுக்கையானார். வீட்டில் தன்னையும் மகனையும் தவிர யாருமில்லை என்றே நம்பத் தொடங்கியிருந்தார்.

நகல்களின் பேச்சு அந்தப் பழைய கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் காதுக்கும் எட்டியது. ஓய்வு பெற்று வெகுகாலமானவர், ஒரு மத்தியானம் கைத்தடியோடு வந்து சேர்ந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். பஞ்சு தேநீர் கொண்டுவந்து கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். பெரியவர் கோப்பையைப் பார்த்தார். அதைத் தூக்கித் தானே வைத்துப் பார்த்தார், டொக்கென்றது. அவளிடம் கொடுத்து மறுபடி வைக்கச் சொன்னார்.

“இதே மாதிரி ஒரு அம்மா எங்ககிட்ட இருந்தாங்க” என்றார். “கடைசி மேஜை. வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. சூப்பர்வைசர் கடுப்பாகி அவங்க நாற்காலியில மணி கட்டினாரு. அந்த மணியும் அடிக்கல.”

“அவங்க என்ன வேலை பார்த்தாங்க?”

“பிக்கப்புக்குச் செம்புக் கம்பி சுத்தினாங்க. வேற என்ன.”

“அவங்க சுத்தினது எதெதுல போச்சு?”

“யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் ஒரே பெட்டியிலதான போட்டோம்.”

பெரியவர் போன பிறகு கட்டை நெடுநேரம் சுற்று இயந்திரத்தின் எதிரில் உட்கார்ந்திருந்தார். இவளுக்காகச் செய்து கொடுக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் மெனக்கெட்டாரே தவிர, சுற்றுகிற வேலையை இவளிடமே கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. மெல்லிய கம்பி, அறுந்துபோகும், அது தன் கைக்குத்தான் அடங்கும் என்று எண்ணியிருந்தார். எழுந்து அவளைக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டினார்.

அறுந்துதான் போனது. பலமுறை அறுந்தது. கடைசியில் முழுசாக வந்த சுருள் ஒரு பக்கம் புடைத்து, ஒரு பக்கம் தொய்ந்து, பார்க்கவே கோணலாக இருந்தது. வேறு யாராவது சுற்றியிருந்தால் கட்டை குப்பையில் போட்டிருப்பார். அதை அப்படியே கிட்டாரில் பொருத்தி, அம்மாவின் கட்டிலருகே கொண்டுபோய், ஸ்பீக்கரில் செருகிக் கொடுத்தார். பஞ்சு மீட்டினாள். கட்டிலின் இரும்புக் கால்கள் அதிர்ந்தன.

அம்மா முகத்தைத் திருப்பினார். “எங்கடி போன இவ்வளவு நாளா?” என்றார்.

அதன்பின் அந்த வாத்தியம் கட்டிலை விட்டு நகரவில்லை. ஒன்று, இரண்டு என்ற கணக்கெல்லாம் சீக்கிரமே தேவைப்படவில்லை. பஞ்சு நாளெல்லாம் நடந்ததைக் கம்பியில் சொன்னாள், அம்மா ‘ம்’ கொட்டிக் கேட்டார். “அவளுக்கு இன்னிக்குக் கால் வலிடா, வேலையைக் கொறைச்சுக் குடு” என்று மகனைக் கண்டித்தார். விசாரித்தால் கால் வலி உண்மையாகவே இருக்கும். ஒருநாள் காலையில் மருமகள் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் ‘ம்’ நின்றது. பஞ்சு சொல்ல வந்ததை முடித்துவிட்டு, பிறகு அவர் கண்களை மூடினாள்.

உடம்பைக் கூடத்தில் கிடத்தினார்கள். உறவும் தெருவும் வந்து கூடின. பஞ்சு தலைமாட்டில் உட்கார்ந்து வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டாள். தாழ்ந்த கம்பியிலிருந்து சத்தம் கிளம்பியதும், அழுதுகொண்டிருந்த மற்றவர்கள் குரலைத் தணித்து அவளுக்கு இடம் விட்டார்கள். இது என்ன பாட்டு என்று யாரும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குமேல் கரண்ட் போனது. அவள் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன, கூடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எதிர்சாரியில் ஐஸ் கடை வைத்திருந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கடை ஜெனரேட்டரிலிருந்து நீளமாக ஒரு வயரை இழுத்து, தெருவின் குறுக்காகக் கொண்டுவந்து, ஸ்பீக்கரில் செருகினார். அழுகை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மாலையோடு வந்தவர்கள் வயரை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனார்கள்.