சத்தம் அடங்கிய கார்

டைமிங் செயினை எப்போது மாற்றுவது என்று கேட்டு வருபவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு விநாடி கடகடவென்று சத்தம் வந்தால் அன்றைக்கே வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள். இன்ஜினுக்குள் ஓடும் அந்தச் சங்கிலி தேய்ந்து தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது பல்சக்கரத்தில் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், இன்ஜின் காலி. கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கிக்கொண்டு வரும் ஆசாமிகளை வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

எங்கள் வீட்டுக் காரில் அந்தச் சத்தம் மூன்று மாதமாக வந்துகொண்டிருந்தது.

"என்னங்க, இன்னிக்கும் கடகடங்குது," என்பாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமை பாத்துடலாம்."

புதுச் செயின்கூட வாங்கியாகிவிட்டது. ஆனால் ஆறு நாள் ஊரார் வண்டிகளுக்கு அடியில் கிடந்துவிட்டு, ஏழாம் நாள் என் வண்டிக்கு அடியிலும் படுக்க உடம்பு கேட்கவில்லை. முன்பக்கத்தை முழுசாகக் கழற்ற வேண்டும், ஒரு பகல் போய்விடும். ஸ்பேனரை நினைத்தாலே தோள் வலித்தது. இது சோம்பேறித்தனம் இல்லை, அலுப்பு என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன்.

அவள் ஆஸ்பத்திரி லேபில் எட்டு வருடமாகத் தற்காலிக ஊழியர். நிரந்தர வேலைக்கான இன்டர்வியூ பக்கத்து நகரத்தில் வைத்திருந்தார்கள். வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

"உங்க கஸ்டமர் இப்படி இழுத்தடிச்சா சும்மா விடுவீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். சுருக்கென்றது. அந்த ஞாயிறு கெட்டி ஆயிலை ஊற்றினேன். அரை மணி நேர வேலை. மறுநாள் காலை கார் சத்தமில்லாமல் கிளம்பியது.

"சரியாயிடுச்சா?"

"ம்," என்றேன்.

இன்டர்வியூ அன்று அவளே காரை ஓட்டிக்கொண்டு போனாள். ஒன்பதரைக்கு அவளிடமிருந்து போன் வந்தது. "வண்டி நடு ரோட்டுல நின்னுடுச்சுங்க. பத்து மணிக்கு நான் அங்க இருக்கணும்."

போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இன்ஜின் எந்தப் பிடிப்பும் இல்லாமல் வெறுமனே சுற்றுவது கேட்டது. செயின் பல் தாண்டிவிட்டது என்று புரிந்துவிட்டது.

"வேற வண்டி ஏதாவது பிடிச்சுப் போயிடு."

"கைய காட்டிட்டேதான் இருக்கேன். இந்த ரோட்டுல யாருங்க நிக்கிறா?"

இழுவை வண்டியோடு நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு மைல்கல் மேல் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் ஏதேதோ பொய் யோசித்து வந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"செயின மாத்தல. ஆயில்தான் மாத்தினேன்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் எழுந்து புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"சத்தம் வந்துட்டே இருந்திருந்தா நான் பஸ்ல போயிருப்பேங்க," என்றாள்.