பூம் பூம் செல்வி

பாராட்டு தன் பக்கம் வருவதே இல்லை என்பது மாரிசெல்விக்கு வெகுநாள் மனத்தாங்கல். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த மூன்று பேர் சேர்ந்து, வெறும் மவுத் ஆர்கன்களை வைத்தே விசேஷ வீடுகளில் ஆட்டப்பாட்டு வாசித்துவந்தார்கள். பொத்தான் வைத்த சின்ன ஆர்கனில் காசிராஜன் பாட்டை வாசிப்பான். முப்பிடாதி நீளமான ஒன்றில் பல சுரங்களைச் சேர்த்து ஊதுவான். மாரிசெல்விக்கு வாய்த்தது இரண்டு அடுக்குள்ள கனமான ஆர்கன்; அதில் அடிக்குரல் மட்டுமே வரும். அவள் தங்கியிருந்த ஹாஸ்டல் பெண்கள் அவளை 'பூம் பூம் செல்வி' என்றார்கள். அவள் யாருக்கும் சொல்லாமல் பொத்தான் ஆர்கன் ஒன்றை வாங்கிப் பழகிவந்தாள்.

சேரப்பணஞ்சேரி அண்ணாதுரையின் மகள் கல்யாண வரவேற்பு அன்று காசிராஜனைக் கம்பெனியில் ஓவர்டைம் வேலைக்கு நிறுத்திவிட்டார்கள். பாட்டைத் தான் வாசிப்பதாக மாரிசெல்வி சொன்னாள். முப்பிடாதி அவளை ஒரு மாதிரி பார்த்தானே தவிர மறுக்கவில்லை.

ஒரு சுரம் பிசகாமல் வாசித்தாள். பந்தலில் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள், கைதட்டினார்கள். ஆனால் ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டாவது பாட்டுக்கும் அப்படியே. மணப்பெண்ணின் தங்கை கலைமதி அருகில் வந்தாள்.

"கேக்க சூப்பரா கீதுக்கா. ஆனா இன்னான்னு தெரில, காலே கெளம்ப மாட்டேங்குது."

மாரிசெல்வியின் முகம் சுருங்கிப்போயிற்று. அடிக்குரல் இல்லாததுதான் காரணம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"பெருச எடு, செல்வி," என்றான் முப்பிடாதி மெதுவாக.

"அப்ப பாட்டு யாருண்ணே வாசிக்க?"

"பாட்டு அவுகளுக்கே தெரியும்லா."

மனசில்லாமல்தான் எடுத்தாள். அவள் ஊத, முப்பிடாதி சேர்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் எல்லாரும் விழித்தார்கள். பிறகு கலைமதி ஒரு பாட்டை உரக்க எடுக்க, பின்வரிசைப் பெண்கள் கூடவே பாடினார்கள். அண்ணாதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அதன்பின் பந்தியில் சோறு ஆறும்வரை யாரும் உட்காரவில்லை. மூச்சு முட்ட ஊதியபடி மாரிசெல்வி அத்தனை கால்களையும் பார்த்தாள். இத்தனை நாளும் ஊதும்போதெல்லாம் அவள் காசிராஜனைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஆடுகிறவர்களை அல்ல.

மறுநாள் கேன்டீனில், பாட்டு யார் வாசித்தது என்று காசிராஜன் கேட்டான். ஊர்க்காரர்களே பாடி ஆடினார்கள் என்றாள். அவன் சிரிக்க முயன்று, முடியாமல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அந்த வருத்தம் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"மொதல்ல ரெண்டு பாட்டு நான் வாசிச்சேன். யாரும் எந்திரிக்கல," என்றாள். "அடுத்த தடவ நீங்க வந்துருங்கண்ணே."

அவன் நிமிர்ந்து, தன் தட்டிலிருந்த அப்பளத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.