கூலர் தேர்ந்தெடுக்கத் தெரியாத ஏசி மெக்கானிக்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஓர் இரைச்சல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் மனித மனத்தின் ஆழம் அது இது என்று ஆரம்பித்தால் நம்பிவிடாதீர்கள்.

என் நாவல் ஒன்று ஒலிப்புத்தகமாகிறது. அதைப் படித்துப் பதிவு செய்கிற பெண்மணி முதல் அத்தியாயத்தை அனுப்பியிருந்தார். அருமையான குரல். நான் சுமாராக எழுதிய இடங்களைக்கூட நன்றாக எழுதியதுபோலப் படித்திருந்தார். ஆனால் குரலுக்குப் பின்னால் 'ஊ' என்று ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. என் கதாநாயகி காதலைச் சொல்கிற இடத்தில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. போன் செய்தேன்.

"சார், அது எங்க வீட்டுக்காரரோட கம்ப்யூட்டர். கேம் விளையாடறார். இருக்கறதே ஒரு ரூம். நான் அலமாரிக்குள்ள உக்காந்து கதவைச் சாத்திக்கிட்டுத்தான் படிக்கிறேன். அப்படியும் வருது."

"அலமாரிக்குள்ளயா?"

"துணியெல்லாம் தொங்குதில்ல, எதிரொலியே வராது. நல்ல ஸ்டூடியோ சார் அது. வேர்த்து ஊத்தும், அவ்வளவுதான்."

"அவர் வேற நேரத்துல விளையாடக் கூடாதா?"

"கேட்டுப் பாத்துட்டேன். நான் உள்ள போனாதான் அவருக்கு விளையாடவே தோணுமாம்."

கடைசியாக அவர் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. எழுத்தாளனுக்குக் காது கிடையாது, வாய் மட்டும்தான்.

2

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த தொடக்கங்கள் சில. வேலைக்கு ஆகாதவற்றையும் காட்டுகிறேன்.

"அந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு—"
(நடுவே என்ன இருந்தது என்று அப்போது எனக்கே தெரியாது. விட்டுவிட்டேன்.)

"வெப்பம் என்பது மனிதனின்—"
(பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி வாடை. தூக்கிப்போட்டாயிற்று.)

"அவர் ஏசி மெக்கானிக்."
(இது நிற்கட்டும்.)

ஆமாம், அந்தப் பெண்மணியின் கணவர் ஏசி மெக்கானிக். ஊரையே குளிர வைக்கிறவர் வீட்டில் கம்ப்யூட்டர் கொதிக்கிறது. பெரிய கேம் ஓடும்போது பிராசஸர் சூடாகிறது. அதைத் தணிக்க அதன் தலைமேல் இருக்கும் ஃபேன் உயிரை விட்டுச் சுற்றுகிறது. அந்தச் சத்தம்தான் என் காதல் காட்சியில் வந்து உட்கார்ந்தது. இதற்கு மருந்து லிக்விட் கூலர். ஒரு சின்ன பம்ப் பிராசஸர் மேல் உட்கார்ந்துகொள்ளும். குழாய் வழியாகத் தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய், ஆறி, திரும்பி வரும். சத்தம் குறையும். குரல்காரம்மா கணவரிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "ஒண்ணு அந்தக் கூலரை வாங்கி மாட்டுங்க. இல்லன்னா அந்தப் பெட்டி இந்த ரூம்ல இருக்கக் கூடாது."

(குரல்காரம்மா என்பது நான் வைத்த பெயர். நேரில் அப்படிக் கூப்பிட்டால் என் அடுத்த நாவலை யார் படிப்பார்கள்?)

3

கதாபாத்திரத்தை நேரில் பார்க்காமல் எழுதக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் ஏசியில் கோளாறு என்று பொய் சொல்லி மெக்கானிக்கை வரவழைத்தேன். ஏணியில் ஏறினார், மூடியைக் கழற்றினார், ஒரு நொடி பார்த்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணும் இல்லையே சார்."

"சும்மா ஒரு தடவை கழுவி விட்டுடுங்க. ஆமா, வீட்ல கூலர் வாங்கியாச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் சார். மூணு ஃபேன் இருக்கற பெரிய ரேடியேட்டர்னா என் கம்ப்யூட்டர் கேபினெட்ல பிடிக்காது. ரெண்டு ஃபேன்னா வேகமா சுத்தணும், மறுபடியும் சத்தம். கேபினெட்டையே மாத்தலாம்னா மேஜை பத்தாது. குழாய் கசிஞ்சா போர்டு காலி…"

ஏணியில் நின்றபடி அவர் அடுக்கிக்கொண்டே போனார். கொதிக்கிற மொட்டைமாடியில் ஏறி, அடுத்தவன் வீட்டுக்கு எந்த ஏசி பொருந்தும் என்று கண்ணாலேயே அளந்து சொல்கிற மனிதர், உள்ளங்கை அகல பம்ப்புக்கு இத்தனை சால்ஜாப்பு சொல்வாரா? இங்கே எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. நல்ல எழுத்தாளன் என்றால் அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு போயிருப்பான். நான் 'முடிவெடுக்கத் தயங்கும் நவீன மனிதன்' என்று எழுதி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

4

அதற்குள் ஒலிப்பதிவுக்காரர் கூப்பிட்டார். அத்தியாயங்களைச் சுத்தம் செய்கிறவர்.

"சார், இரைச்சலை எடுத்துட்டேன். ஆனா அடியில வேற ஏதோ இருக்கு. கேளுங்க."

கேட்டேன். ஐந்தாவது அத்தியாயம். குரல்காரம்மா "அவன் பதில் பேசாமல் வாசலைப் பார்த்தான்" என்று படித்து மூச்சு விடுகிற இடைவெளியில், தூரத்தில் ஓர் ஆணின் கிசுகிசுப்பு.

"செத்துட்டேன் மாப்ள. நீ போ, நீ போ."

நான் ஒன்றும் துப்பறியும் நிபுணன் இல்லை. ஆனால் ஒருவர், மனைவி அலமாரிக்குள் போனால்தான் விளையாடுகிறார், இரைச்சல் போகக் கூடாது என்று நாளைக் கடத்துகிறார், 'மாப்ள' என்று கிசுகிசுக்கிறார். மனைவியிடம் எதையோ மறைக்கிறார் என்று எனக்கே புரிந்துவிட்டது, பாருங்கள்.

5

மெக்கானிக்கின் வேனில், கேஸ் சிலிண்டர்களுக்கும் சுருட்டி வைத்த செப்புக் குழாய்களுக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்டேன். கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ தம்பி சார். கூடப் பொறந்த ஒரே தம்பி."

நடந்தது இதுதான். (இந்தப் பத்தியை அலங்காரம் செய்து மூன்று முறை எழுதினேன். மூன்றும் அசிங்கமாக இருந்தன. வெறுமனே சொல்கிறேன்.) தம்பியும் அப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரு நாள் அப்பாவுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. தம்பி தன் அறையில், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆட்டத்தில் இருந்தான். அக்கா அப்பாவைப் பார்க்க வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே அவன் விளையாடிக்கொண்டிருந்தான்.

"மாமனார் கூப்பிட்டாரா இல்லையான்னு யாருக்கு சார் தெரியும்? ஆனா அவன் ரூம் கதவுகிட்ட வந்துதான் விழுந்திருந்தார். இவ பாத்துட்டு, 'அதைக் காதுல மாட்டிக்கிட்டே இரு. இனிமே நான் உன்னைக் கூப்பிட மாட்டேன்'னா. கூப்பிடவே இல்ல."

"நீங்க?"

"போன் பண்ணா எடுக்க மாட்டான். போனா கதவைத் திறக்க மாட்டான். பயமா இருந்துது சார், ஏதாவது பண்ணிக்குவானோன்னு. அந்தப் பாழாப்போன கேம்ல மட்டும்தான் இருப்பான். சரின்னு நானும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அதுக்குள்ள போனேன். 'யாரு'ன்னான். 'நான்தாண்டா, மாமா'ன்னேன். அப்புறம் 'மாமா, பின்னாடி பாருங்க'ன்னான். திரும்பறதுக்குள்ள என்னைச் சுட்டுட்டானுங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

"எனக்கு அந்த ஆட்டம் இன்னும் பிடிபடல சார். எப்பவும் நான்தான் முதல்ல சாவேன். ஆனா பக்கத்துல ஒரு ஆள் இருக்கான்னு அவனுக்குத் தெரியணும்ல."

"அக்காவைப் பத்திக் கேப்பானா?"

"ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஆனா அலமாரிக்குள்ள இவ சத்தமாப் படிக்கிறப்ப என் மைக் வழியா லேசா அங்க கேக்கும்போல. அப்ப ஆட்டத்துல அப்படியே நிப்பான் சார். வெட்டவெளியில, எதிரி முன்னாடி, சும்மா நிப்பான். அவன் நிக்கிற ஆளே இல்ல."

இரைச்சல் இருக்கிறவரை அவர் யாரோ சிநேகிதர்களோடு பேசுகிறார் என்று மனைவி நினைத்துக்கொள்ளலாம். இரைச்சல் போனால் பேச்சு கேட்கும். கேட்டால் அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே வைப்பார். அதோடு தம்பிக்கு இருக்கிற ஒரே ஆளும் போய்விடுவார். கூலர் தேர்ந்தெடுக்க ஏன் மாதக்கணக்கில் ஆகிறது என்று இப்போது தெரிகிறதா?

'முடிவெடுக்கத் தயங்கும் நவீன மனிதன்' என்பதை அடித்துவிட்டேன்.

6

கடைசியில் கூலரை வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. ரெண்டு ஃபேன் கூலர். மாட்டிய மறுநாள் குரல்காரம்மா எனக்கு போன் செய்தார்.

"சார், முன்னாடி ஊ-ன்னு வந்துது. இப்ப களக் களக்னு வருது. யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி. இவருக்கு வேலை தெரியும்னு நெனச்சிருந்தேன்!"

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் விசாரித்தேன். ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் மாட்டி, பம்ப் அதைவிட மேலே இருந்தால், உள்ளே இருக்கும் கொஞ்சம் காற்று மேலேறிப் பம்ப்புக்குள் நின்றுவிடும். அதுதான் அந்தச் சத்தம் என்றார். புதுசாக மாட்டுகிறவர்கள் செய்கிற தப்பாம்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். "காத்து மேல போகும்னு எனக்குத் தெரியாதா சார்?" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். அதனால்தான் நீங்கள் இதைப் படிக்கிறீர்கள்.

"நீங்க இதை ஒரு கதையா எழுதி அவகிட்ட படிக்கக் கொடுங்க சார். நான் சொன்னா தம்பின்னு ஆரம்பிக்கும்போதே எழுந்து போயிடுவா. வேலைன்னு கொடுத்தா கடைசி எழுத்து வரைக்கும் படிச்சிட்டுத்தான் எழுந்திருப்பா."

"பெட்டியை வெளிய வெச்சுட்டா?"

"வெச்சா வெக்கட்டும். நானும் எத்தனை நாள்தான் திருட்டுத்தனமா சாகறது?"

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: கூலரைச் சரியாகத் திருப்பி மாட்டிவிட வேண்டும். ரேடியேட்டர் கேபினெட்டின் கூரையில், பம்ப் கீழே. இரைச்சலுக்கு நடுவே இந்தக் கதையைப் படிக்க விட மாட்டேன்.

7

ஆகவே அம்மா, இதை இப்போது அலமாரிக்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பவர் நீங்கள்தான். கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். உங்கள் வீட்டுக்காரர் வெளியே ஆட்டத்தில் இருக்கிறார். அவர் ஹெட்செட்டில் இருப்பது யார் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூலரைச் சரியாக மாட்டியிருந்தால், நீங்கள் இவ்வளவு நேரம் படித்தது அவனுக்கும் தெளிவாகக் கேட்டிருக்கும். உங்களைக் கேட்காமல் செய்ததற்கு என்னைத் திட்டுங்கள், அவரை விட்டுவிடுங்கள்.

எனக்கு முடிவு தெரியவில்லை. தோன்றியவற்றை வைக்கிறேன்.

(அ) நீங்கள் ஒன்றும் நடக்காததுபோலப் படித்து முடித்து எனக்கு அனுப்பிவிடுகிறீர்கள். "இந்தக் கதை சுமார் சார்" என்று ஒரு வரி சேர்த்து.

(ஆ) கதவைத் திறந்துகொண்டு வந்து, "இத்தனை நாளா என்னை முட்டாளாக்கிட்டீங்கல்ல" என்று அவரிடம் கத்துகிறீர்கள். அது நியாயமான கோபம்தான். பெட்டியின் ஒயரைப் பிடுங்குகிறீர்கள்.

(இ)

8

இந்தப் பகுதி அவருக்கு அனுப்பியதில் கிடையாது. பதிவு வந்த பிறகு எழுதியது.

முதல் ஆறு பகுதிகளையும் குரல் பிசகாமல் படித்திருக்கிறார். அப்பா விழுந்துகிடந்த இடத்தில்கூட. தொழில் என்றால் அது தொழில். ஊ இல்லை, களக் இல்லை. ஏழாவதில் 'தண்ணீர் குடியுங்கள்' என்ற இடத்தில் நிஜமாகவே ஒரு டம்ளர் சத்தம் கேட்கிறது. (அ), (ஆ) இரண்டையும் படிக்கிறார். "இ" என்கிறார். அதற்குப் பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை.

மூச்சுச் சத்தம். ஹேங்கர்கள் உரசுகின்றன. அலமாரிக் கதவு திறக்கிறது. நாற்காலி நகர்கிறது.

"இந்தா, ஹெட்செட்டை இப்படி—"

"எனக்கு மாட்டத் தெரியும். நகருங்க."

அப்புறம் குரல்காரம்மா:

"இதுல யாரு அவன்?"

"அதோ, சுவரோரமா சும்மா நிக்கிறான் பாரு. அவன்தான்."

பிறகு திடீரென்று ஒரு சத்தம். என் நாவல் முழுவதையும் படித்த குரல் இல்லை அது. சின்ன வயதில் தெருவில் விளையாடுகிற தம்பியை மாடியிலிருந்து கூப்பிடுகிற குரல்.

"டேய்! பின்னாடி பாருடா!"

9

அதற்கு அவன் சொன்னது ஹெட்செட்டுக்குள் போய்விட்டது. மெக்கானிக்கைக் கேட்டேன். "கூலர் சூப்பர் சார், சூடே ஏறல" என்றார். அழுத்தக்கார மனிதர்.

பதிவு இன்னும் கொஞ்ச நேரம் ஓடுகிறது. ஒலிப்பதிவுக்காரர் "இந்தக் கடைசியை வெட்டிடவா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். (இ) அங்கேதான் இருக்கிறது, நான் எழுதப்போவதில்லை. கை வரவில்லை என்பதுதான் உண்மை.

அவன் என்ன பதில் சொன்னான் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: 'மன்னிச்சிடு அக்கா' என்று எழுதிவிடாதீர்கள். அவர்களை எனக்குக் கொஞ்சம் தெரியும். முதலில் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள்.