முப்பத்தெட்டாவது நிமிஷம்

வாயில் போட்ட பிஸ்கட்டைக் கடிக்காமல் அப்படியே அடக்கிக்கொண்டு, அனிக்கா லுண்ட் படத்தை மறுபடியும் பின்னோக்கி ஓட்டினாள். இது மூன்றாவது முறை. திரையில் நேற்றைய அனிக்கா உட்கார்ந்திருந்தாள். எதிரே, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு வெண்டல். விவசாயப் பொறியியல் இரண்டாம் வருஷம், வயது பத்தொன்பது.

"சைக்கிள என் ரூம்மேட் டாரியோவுக்குக் குடுத்துட்டேன். இனிமே எனக்கெதுக்கு அது," என்றான் வெண்டல்.

திரையிலிருந்த அனிக்கா தலையை ஆட்டினாள். அவன் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்த கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு, "சரி, கெமிஸ்ட்ரி பரீட்சை எப்படிப் போச்சு?" என்று கேட்டாள்.

அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள் அனிக்கா. பிஸ்கட் வாயிலேயே ஊறிக் கரைந்து போயிருந்தது. முப்பத்தெட்டாவது நிமிஷம். எத்தனை முறை ஓட்டினாலும் அந்தப் பெண் கெமிஸ்ட்ரியைத்தான் கேட்டாள்.

ஐந்து வருஷம் உளவியல் படித்து, ஆய்வேடு எழுதி, டாக்டர் பட்டத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு வருஷம் பயிற்சி. நாடு முழுக்க நூற்றுக்கணக்கான பேர் இப்படிப் பல்கலைக்கழக ஆலோசனை மையங்களில் வந்து உட்காருகிறார்கள். இரண்டாயிரம் மணி நேரக் கணக்கு. ஜூலை முப்பத்தொன்றாம் தேதிக்குள் முடித்துக் கொடுத்தால் பட்டம், இல்லையென்றால் பட்ட பாடெல்லாம் வீண். வருகிற மாணவர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒவ்வொரு சந்திப்பையும் படம் பிடிப்பார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அதில் பத்து நிமிஷத்தை மேற்பார்வையாளரிடம் போட்டுக் காட்ட வேண்டும். எந்தப் பத்து நிமிஷம் என்பது பயிற்சியில் இருப்பவர் இஷ்டம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற போட்டோ மாதிரிதான், நன்றாக விழுந்ததைத் தேடி எடுப்பார்கள். அனிக்காவும் அதற்காகத்தான் இந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் படத்தைத் திறந்தாள்.

கேட்காமல் விட்டதுகூடப் பரவாயில்லை, மனுஷி தவறலாம். எழுதி வைத்ததுதான் மன்னிக்க முடியாதது. ஏப்ரல் மாதம், பரீட்சைக் காலம், ஒரு நாளைக்கு ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குறிப்பு எழுதியாக வேண்டும். மையத்தில் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. போன வாரக் குறிப்பை அப்படியே இந்த வாரத்துக்கு இழுத்துப் போட்டு, நாலு வரி மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போடுவது. நேற்று அவள் தூக்கத்தைப் பற்றிய வரியை மாற்றினாள், பரீட்சையைப் பற்றிய வரியை மாற்றினாள். போன வாரம் உண்மையாகவே கேட்டு எழுதிய வரி கடைசியில் அப்படியே நின்றுவிட்டது. 'தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை என்றார்.' அதன் கீழே அவள் கையெழுத்து. அவளுக்கு இன்னும் உரிமம் இல்லாததால் அதற்கும் கீழே மேற்பார்வையாளர் ரோவீனா டீக்கின் கையெழுத்து.

வெண்டல் பிப்ரவரியில் வந்தவன். அப்பா பன்றிப் பண்ணையை விற்றுவிட்டார், இனி எதற்கு இந்தப் படிப்பு என்று தெரியவில்லை, தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தான். வாரா வாரம் தரையைப் பார்த்துக்கொண்டே பேசுவான். நேற்று மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான், இரண்டு முறை சிரிக்கக்கூடச் செய்தான். தேறிவிட்டான் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. திடீரென்று ஒருவன் அமைதியாகி, தன் சாமான்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்பது முதல் வருஷப் பாடத்தில் முதல் அத்தியாயம். அதை அவளே இளையவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம்.

போனை எடுத்து அவன் எண்ணைப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. "வெண்டல் பேசறேன். அம்மாவா இருந்தா, நான் சாப்ட்டேன். வேற யாராவது இருந்தா விஷயத்தச் சொல்லுங்க," என்றது பதிவுக் குரல். அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. கூப்பிடு என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான் எஸ்ரா. இந்த வருஷம் அவளோடு பயிற்சிக்குச் சேர்ந்த இன்னொருவன். பக்கத்து அறை.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

அவள் சொன்னாள். அவன் குதிகாலால் கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டான்.

"இருபதாவது நிமிஷத்திலேர்ந்து போட்டுக் காட்டு. அதுல நீ நல்லாத்தானே பேசியிருக்க? ஞாயித்துக்கிழமையோட படம் தானா அழிஞ்சிடும். திங்கக்கிழமை அவன வரச்சொல்லிக் கேளு. யாருக்கென்ன நஷ்டம்?"

"திங்கக்கிழமைக்கு அவன் இருக்கணுமே, எஸ்ரா."

எஸ்ரா அவள் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து மூடித் திறந்துகொண்டிருந்தான். "உனக்காகத்தான் சொன்னேன்," என்றான்.

"தெரியும்டா."

சொல்ல வெட்கம்தான், ஆனால் அவன் சொன்ன யோசனை ஒரு நொடி அவளுக்குத் தித்தித்தது. டுலூத் நகரத்து ஆஸ்பத்திரியில் அடுத்த வருஷ வேலைக்கு ரோவீனாவின் சிபாரிசுக் கடிதம் இன்னும் போகவில்லை. பொய்க் குறிப்பு எழுதியவளுக்கு எவள் கடிதம் தருவாள்? அந்த ஒரு நொடிக்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. எழுந்து வெளியே போனாள்.

ரோவீனாவின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேசுவது வெளியே கேட்காமலிருக்க வாசலில் வைத்திருக்கும் சின்னஞ்சிறு இயந்திரம் 'உஸ்ஸ்' என்று இரைந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ அழுதுகொண்டிருப்பார்கள், தட்ட முடியாது. அனிக்கா தண்ணீர்க் குழாய் வரை நடந்தாள், திரும்பினாள். மறுபடி நடந்தாள். தாகமில்லாமலே நாலு தடவை தண்ணீர் குடித்தாள். நடுவில் இரண்டு முறை வெண்டலுக்குப் போன் போட்டாள். இரண்டு முறையும் அம்மாவுக்குச் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னான்.

நாலடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு மாணவி மூக்கைத் துடைத்தபடி வெளியே வந்தாள். அனிக்கா உள்ளே நுழைந்தபோது ரோவீனா மதியம் சாப்பிட வேண்டிய ரொட்டியை அப்போதுதான் பிரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது தாண்டியவள், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பவள், பசித்தால் யார் மேலாவது எரிந்து விழுபவள்.

"நாலு மணிக்குத்தானே?"

"இதப் பாருங்க," என்று மடிக்கணினியை அவள் முன்னால் வைத்தாள் அனிக்கா. நின்றுகொண்டே ஓட்டினாள். சைக்கிள். கடிகாரம். கெமிஸ்ட்ரி.

ரோவீனா ரொட்டியைக் கீழே வைத்தாள். "குறிப்புல என்ன எழுதியிருக்க?"

"கேட்டேன்னு. இல்லைன்னு சொன்னான்னு."

"கேட்டியா?"

"இல்ல. போன வாரத்து வரி."

"நான் கையெழுத்துப் போட்டுட்டேனா?"

"நேத்து சாயங்காலமே."

"நேத்து சாயங்காலம் பல் டாக்டர் வாசல்ல உக்காந்து போன்லயே பதினாலு குறிப்புக்குக் கையெழுத்துப் போட்டேன்," என்றாள் ரோவீனா. "நல்லா இருக்கு நம்ம ரெண்டு பேர் லட்சணம்." கண்ணாடியைக் கழற்றினாள், மறுபடி போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத வேற யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

கேள்வி எதற்கு என்று இரண்டு பேருக்கும் புரிந்தது. அனிக்காவின் உரிமமில்லாத ஒரு வருஷம் முழுக்க இவளுடைய உரிமத்தின் மேல்தான் நடக்கிறது. ஏதாவது ஆனால் முதலில் இவள் பெயரைத்தான் கேட்பார்கள். ரோவீனாவுக்குக் கழுத்து வரை சிவந்து போயிற்று. "நான் அப்படிக் கேட்டத மறந்துடு," என்று சொல்லிவிட்டுப் போனை இழுத்து, வெண்டலின் விடுதிப் பொறுப்பாளரைக் கூப்பிட்டாள்.

அந்த ஆள் நிதானமாகப் பேசுகிறவர். அறை பூட்டியிருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை என்றால் வெண்டல் வேளாண் கல்லூரியின் பால்பண்ணைக் கடையில் ஐஸ்கிரீம் போட்டுக்கொண்டிருப்பான் என்றார். தானே அரை மணி நேரத்துக்கு முன்னால் அவன் கையால் ஒரு கோன் வாங்கித் தின்றதாகவும் சொன்னார். அனிக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். உயிரோடு இருக்கிறான். இன்றைக்கு, இந்த மணிக்கு, இருக்கிறான்.

"விதிப்படி பாத்தா போலீஸ அனுப்பி விசாரிக்கச் சொல்லணும்," என்றாள் ரோவீனா. "பூட்ஸ் போட்ட ரெண்டு பேர் ஐஸ்கிரீம் வரிசைல நுழைஞ்சா அப்புறம் அவன் ஜென்மத்துக்கும் வாயத் திறக்க மாட்டான். கோட்ட எடு. ரெண்டு பேரும் போறோம். அவன் ஆமான்னு சொன்னா தனியா விடறதில்ல, கையோட கூட்டிட்டு வந்துடறோம்."

"நாம இப்படித் தேடிப் போறது தப்பில்லையா?"

"தப்பாத்தான் இருக்கும். அதையும் எழுதி வைப்போம். இந்தத் தடவயாவது நடந்தத எழுதுவோம்."

வெளியே காற்று முகத்தில் அடித்தது. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் குளிர்காலத்து அழுக்குப் பனி இன்னும் ஒரு மேடாகக் கிடந்தது. ரோவீனா மூச்சு வாங்கிக்கொண்டே வேகமாக நடந்தாள்.

"என்னன்னு கேப்ப?"

"உன்ன நீயே ஏதாவது பண்ணிக்கற மாதிரி எண்ணம்…"

"சுத்தி வளைக்காத. கேட்டா அவன் செத்துடுவான்னு பயப்படற. கேக்காம விட்டதுக்குத்தான் இப்ப ஓடிட்டிருக்கோம்."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"வயித்துல ஒண்ணுமில்ல, பயம் மட்டும்தான் இருக்கு," என்றாள் ரோவீனா.

கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அறைக்கு வெளியே எங்கே பார்த்தாலும் நம்மிடம் வருகிறவருக்கு நாம் முதலில் வணக்கம் சொல்லக் கூடாது, தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. அவராகப் பேசினால் பேசலாம். ரோவீனா வாசல் பக்கம் குளிர்பெட்டியில் இருந்த பாலாடைக்கட்டிகளை விலை பார்க்கிறவள் போல் நின்றுகொண்டாள். அனிக்கா வரிசையில் சேர்ந்தாள். வெண்டல் காகிதத் தொப்பி வைத்துக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, முன்னால் நின்ற கிழவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். நேற்றும் அவன் இப்படித்தான் சிரித்தான். வரிசை நகர்வேனா என்றது.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறவில்லை. அவள் ரகசியத்தை அவன் காப்பாற்றுகிறவன் போல, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றான்.

"வெண்ணிலா. ஒரு கரண்டி."

போட்டுக் கொடுத்தான். "வேற ஏதாவது?"

பின்னால் ஒரு குழந்தை சாக்லேட் சாக்லேட் என்று பாடிக்கொண்டிருந்தது. அனிக்கா நகரவில்லை. "வெண்டல்," என்றாள். பெயரைச் சொன்னதுமே கட்டுப்பாடு உடைந்தது. பக்கத்தில் வேலை செய்த பெண் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு எப்ப இடைவேளை?"

அவன் கரண்டியைத் தண்ணீரில் முக்கினான். ரொம்ப நேரம் முக்கிக்கொண்டே இருந்தான். "இப்பக்கூட எடுக்கலாம்," என்றான்.

கடைக்குப் பின்னால் பால் கூடைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மாடுகளின் வாடை காற்றில் வந்தது. வெண்டல் சுவரில் சாய்ந்து நின்றான். ரோவீனா சுற்றிக்கொண்டு வந்து தூரத்திலேயே நின்றுவிட்டாள். அனிக்காவின் கையில் ஐஸ்கிரீம் உருகி விரலிடுக்கில் ஒழுகியது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"நேத்து சைக்கிளக் குடுத்துட்டேன்னு நீ சொன்னப்ப நான் ஒண்ணு கேட்டிருக்கணும். கேக்கல. கேட்டதா எழுதி வேற வெச்சுட்டேன். தப்பு என்னோடது. இப்பக் கேக்கறேன். சாகணும்னு நினைக்கிறியா, வெண்டல்?"

அவன் அவளைப் பார்க்கவில்லை, வழக்கம்போல் தரையைப் பார்த்தான். காகிதத் தொப்பி காற்றில் படபடத்தது.

"நீங்க கேப்பீங்கன்னுதான் அதச் சொன்னேன்," என்றான்.

வெண்டல் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினான். ஒரு கையை முடித்துவிட்டு மற்றக் கையை ஆரம்பித்தான். இரண்டையும் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு ஒரு பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு, தலை நிமிராமலே, இன்னொரு கூடையைக் காலால் அவள் பக்கம் தள்ளினான்.