ஐந்தாவது சுமங்கலி

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள்தொகை எப்படிப் பெருகியது, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று ஒரு சிறப்பு மலருக்கு எழுதித்தரக் கேட்டார்கள். மலர் போடுகிறவர்களுக்கு மக்கள்தொகை என்றால் கொள்ளை ஆசை. சிங்கப்பூரின் பொங்கோலில் என் வீட்டுச் சன்னலைத் திறந்தால் எதிரே இன்னுமொரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. இதில் எழுத என்ன கஷ்டம் என்று ஒப்புக்கொண்டேன்.

1931இல் ஒரு குடிக்கணக்கு. அடுத்தது 1947இல். நடுவில் எதுவும் இல்லை. அந்த இடத்தில் நான் எழுதிய வாக்கியம் இது: "இடைப்பட்ட ஆண்டுகளில் போர் காரணமாகக் கணக்கெடுப்பு நடைபெறவில்லையாயினும், மக்கள்தொகையின் இயல்பான

அதோடு நிறுத்திவிட்டேன். 'இயல்பான' என்ற சொல்லுக்குமேல் கை ஓடவில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் கணக்கெடுக்காமலா இருந்தார்கள்? தெருத்தெருவாக, வீடுவீடாகத் தலை எண்ணினார்கள். முதலில் அரிசி கொடுக்க எண்ணுகிறோம் என்றார்கள். பிறகு வேறொன்றுக்கு எண்ணினார்கள். இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒருத்தி எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டுரை வராது என்று மலர்க்காரர்களிடம் சொல்லிவிட்டேன்.

(அவள் கற்பனை. அவளுடைய தெருக்காரர்களும் கற்பனை. கற்பனைக்கு எதற்கய்யா பயம் என்று கேட்பவர் இதுவரை கதை எழுதியதில்லை என்று பொருள்.)

2

முதல் தொடக்கம்: "வடிவேலு செத்து ஓராண்டு ஆன பிறகும் அவனுக்கு அரிசி வந்துகொண்டிருந்தது." கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் தூக்கல். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "பூவம்மா ஒரு திருடி." வேண்டாம். அவள் திருடி இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு கடைவீடு. அதன் மேல்மாடியில், பலகைத் தடுப்புக்குள் பூவம்மாவும் அவள் புருஷன் வடிவேலுவும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். வடிவேலு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். சிங்கப்பூர் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் வேலைக்குப் போன இடத்தில் குண்டு விழுந்தது. கூட வேலை பார்த்த ஒருவன் வந்து பூவம்மாவிடம் மட்டும் சொன்னான். பெரிய குழியாக வெட்டி எல்லாரையும் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டார்கள் என்றும் அவன்தான் சொன்னான். சொன்னவன் மலாக்கா பக்கம் போனான், திரும்பவில்லை. உடலும் இல்லை, கொள்ளியும் இல்லை, கருமாதியும் இல்லை.

நாடு கைமாறியதும் தெருவுக்குத் தெரு ஒரு தலைவரை வைத்தான் ஜப்பான்காரன். இந்த வரிசை வீடுகளுக்குத் தலைவர், கீழே தையற்கடை வைத்திருந்த பரமசிவம். அவர் மாடி ஏறி வந்து கேட்டார்.

"வீட்ல எத்தன பேருங்க?"

"நாலு பேரு."

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து அவள் சொல்லவில்லை. மூன்று என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். நாலு பேருக்கு அரிசி வந்தது. பிள்ளைகள் தின்றுவிட்டுத் தூங்கின. தூங்கும் பிள்ளைகளைப் பார்த்த பிறகு எந்தத் தாய் போய்க் கணக்கைத் திருத்துவாள்? அதுவும் அரிசிக் கிடங்கில் கை வைத்தவன் தலையை வெட்டிக் கம்பத்தில் வைத்திருந்த ஊரில்?

செத்தவன் சாப்பிட வேண்டுமென்றால் அவன் பெண்டாட்டி சுமங்கலியாக இருந்தாக வேண்டும். பூவம்மா தாலியைக் கழற்றவில்லை. வெளியே இறங்கும்போதெல்லாம் குங்குமம் வைத்தாள். யாராவது கேட்டால், ஜொகூரில் மரம் அறுக்கிற வேலை, வர விடமாட்டேன் என்கிறார்கள் என்றாள். ஒருமுறை காய்ச்சல் என்றாள். இன்னொரு முறை கருவாடு கொடுத்தனுப்பினார் என்று சொல்லி, எங்கேயோ வாங்கிய கருவாட்டில் பாதியைக் கீழ்வீட்டுக்கும் கொடுத்தாள்.

அந்தக் கருவாட்டை நான் யோசித்திருக்க மாட்டேன். அவளை உண்டாக்கியது நான்தான். ஆனால் ஒரு ஆளை உண்டாக்குவதில் அவள் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

3

அடுத்த எண்ணிக்கை வந்தது. சியாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். ஆள் வேண்டுமாம். மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லயம் லயமாக, குடியிருப்பு வரிசை வரிசையாக, ஏற்றிக்கொண்டு போனார்கள் என்ற செய்தி முதலில் வந்தது. போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்ற செய்தி பின்னால் வந்தது. அப்புறம் லாரி சிங்கப்பூருக்குள்ளும் நின்றது. வெயில் ஏறுகிற நேரத்தில் சிராங்கூன் ரோட்டில் ஆண்களே தெரியவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் பெண்கள் புருஷனைக் கோழியை விரட்டுவதுபோல உள்ளே விரட்டினார்கள்.

பரமசிவத்தின் வரிசைக்கு உத்தரவு: ஒரு ஆள்.

எந்த ஆள்? ஒருவர் காலில் ஆறாத புண். ஒருவர் எழுபதைத் தாண்டியவர். இன்னும் இருவர் முந்தைய லாரியிலேயே போய்விட்டார்கள். கணக்கில் மிஞ்சிய இருவர், வடிவேலுவும் பரமசிவமும்.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது. பிணத்தைத்தான் யாரும் பார்க்கவில்லையே, வடிவேலுவை உயிரோடு கொண்டுவந்தால் என்ன? இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். தாடியோடு மாடி ஏறி வந்தான். பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டன. ஆனால் வந்தவனை லாரியில் அல்லவா ஏற்ற வேண்டும்? எழுப்பியவனை மறுபடி சாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கிழித்துப் போட்டேன்.)

பரமசிவம் வந்து வாசற்படியிலேயே நின்றார். துணி வெட்டும் கை, நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வடிவேலு அண்ணன வரச் சொல்லுங்க."

"எப்படிங்க சொல்றது? ஆளு விட்டு அனுப்புனாலும் போய்ச் சேருமோ என்னமோ."

"வரலன்னா என்னைத்தான் ஏத்துவாங்க. என் வீட்டுக்காரிக்கு ஏழு மாசம். உங்களுக்குத் தெரியாததா?"

பூவம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் இவர் லாரியில் ஏறுவார், தன்னைக் கெம்பித்தாய் என்கிற ராணுவப் போலீஸ்காரன் இழுத்துப்போவான். அப்புறம் பிள்ளைகள்?

4

மறுநாள் மத்தியானம் பரமசிவத்தின் மனைவி பாக்கியலட்சுமி மாடி ஏறி வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு கரு கலைந்து, மூன்றாவது தங்கியிருந்தது. மூச்சு வாங்கப் பாயில் உட்கார்ந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அஞ்சு சுமங்கலி வேணும். தேடித் தேடி நாலு பேருதான் கெடச்சாங்க. நீங்க அஞ்சாவது."

(மக்கள்தொகை மாற்றம் என்று கட்டுரையில் பத்தி பத்தியாக எழுதப் பார்த்தேன். அது இதுதான். முன்பெல்லாம் அந்தச் சந்தில் வளைகாப்பு என்றால் கூப்பிடாமலே கூட்டம் மாடிப்படி வரைக்கும் நிற்கும்.)

"எனக்கு ஒடம்பு சரியில்ல பாக்கியம்."

"தெரியும்கா. எனக்கு எப்பவோ தெரியும்."

"என்ன தெரியும்?"

"படி ஏறி உள்ள வந்ததும் மொத வேலையா பொட்டத்தான் அழிக்கிறீங்க. கட்டுன பொம்பள எவளாவது அழிப்பாளா?"

பூவம்மாவின் கை நெற்றிக்குப் போனது. பாக்கியலட்சுமி குரலைத் தாழ்த்தினாள். வடிவேலுவை ஜொகூரிலேயே பிடித்துச் சியாமுக்கு அனுப்பிவிட்டார்கள், எங்கள் வரிசை ஆள் போயாயிற்று என்று பரமசிவம் ராணுவ ஆபீஸில் சொல்லியிருந்தார். அப்படிச் சொல்லச் சொன்னவளே பாக்கியலட்சுமிதான். செத்தவன் போனால் இருக்கிறவன் தப்பிப்பான். ஆனால் அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த இராஜரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் நம்புகிறவர் இல்லை.

"அந்த மனுசன் உயிரோட இருந்தவனோ எண்டே எனக்குச் சந்தேகம், பரமசிவம்" என்றாராம் அவர். "வளைகாப்புக்கு என்ர மனுசியும் வருவா. அவன்ர பெண்சாதியும் காப்புப் போடட்டும். போட்டால் நான் நம்புறன்."

கெட்டிக்காரர். சத்தியம் வாங்கவில்லை, சாட்சி கேட்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் கையில் காப்புப் போட எந்தத் தாலியறுத்தவளுக்கும் கை நீளாது என்று அவருக்குத் தெரியும். ஜப்பான்காரனுக்கு நூறு வருஷம் ஆனாலும் இந்த விசாரணை தோன்றாது. அதற்கு நம்மவர்தான் வேண்டும்.

"தெரிஞ்சுமா என்னைக் கூப்பிடுற?" என்றாள் பூவம்மா. "புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா?"

"நீங்க போடலன்னா அவரு போயிடுவாருக்கா."

"நான் போட்டா?"

பாக்கியலட்சுமி வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான். அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

5

இங்கே பாக்கியலட்சுமியின் வாயில் ஒரு பிரசங்கத்தை வைத்தேன். விதவை கை பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பதெல்லாம் மூடத்தனம் என்று அவள் முழங்கினாள். படித்துப் பார்த்தால் என் குரல்தான் கேட்டது. அந்தத் தெருவிலும் அப்படிப் பேசிய மேடைகள் இருந்திருக்கும், கைதட்டியவர்களும் இருந்திருப்பார்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நல்ல நேரம் பார்த்திருப்பார்கள். பிரசங்கத்தை நீக்கிவிட்டேன்.

பூவம்மாவைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஓராண்டாகப் பொய்க் குங்குமம் வைக்கிறவளுக்கு ஒரு காப்பில் என்ன வந்தது? ஆனால் குங்குமம் அவள் நெற்றியோடு போயிற்று. பாவமென்றால் அது அவளுக்கு. இது இன்னும் முகமே தெரியாத ஒரு பிள்ளை. இரண்டு பெற்றவள் அவள். கருவில் கலைவது என்றால் என்ன என்று பாக்கியலட்சுமி அழுத இரண்டு முறையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

6

வெள்ளிக்கிழமை. கண்ணாடி வளையல் கிடைக்கவில்லை. வேப்பங்குச்சியை வளைத்து மஞ்சள் நூல் கட்டிய காப்புகள் தட்டில் இருந்தன. கலந்த சாதம் ஐந்து வகை வைப்பது வழக்கம். அன்று மரவள்ளிக்கிழங்கை மசித்து ஐந்து கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். எல்லாரும் அதைச் சாதம் என்றே சொன்னார்கள்.

முதல் மூன்று பெண்கள் போட்டார்கள். நான்காவது இராஜரத்தினத்தின் மனைவி யோகம். அவள் மெதுவாகப் போட்டாள், சந்தனம் பூசினாள், பிறகு விலகி, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

"இனி ஆர்? நீரோ?" என்றாள் பூவம்மாவிடம். "ஏன் பின்னுக்கு நிக்கிறீர்? முன்னுக்கு வாரும்."

பூவம்மா முன்னால் வந்தாள். காப்பைத் தட்டிலிருந்து எடுத்தாள். பாக்கியலட்சுமி கையை நீட்டினாள். திரைக்கு அந்தப் பக்கம் பரமசிவம் இருமலை அடக்கிக்கொண்டு நின்றார்.

7

முடிவுகள்.

ஒன்று. பூவம்மா காப்பைப் போட்டாள். யோகம் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். லாரி வேறு சந்துக்குப் போனது. அடுத்த மாதம், மூன்றாவது பிள்ளையும் தங்கவில்லை. சோறு இல்லாத ஊரில், மருந்து இல்லாத ஊரில் எத்தனையோ பிள்ளைகள் அப்படிப் போயின. பூவம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். சாகிறவரைக்கும் அவள் தன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு. அவள் கை தானாகப் பின்னால் போனது. காப்பு பாயில் விழுந்தது. பரமசிவம் லாரியில் ஏறினார். பூவம்மாவை அழைத்துப்போக வந்தவர்கள் பிள்ளைகளைப் பார்த்து

எழுத மாட்டேன்.

மூன்று. போட்டாள், எல்லாரும் பிழைத்தார்கள், பிள்ளை கொழுகொழுவென்று பிறந்தது. 1947இல் கணக்கெடுக்க வந்தபோது அந்த வீட்டில் ஒரு தலை கூடியிருந்தது. இதை எழுதும்போது எனக்குப் பயமாகவே இல்லை. அதனால் இதை நான் நம்பவில்லை.

நாலாவது என்னிடம் இல்லை. உங்களுக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஒரு வேப்பங்குச்சி, ஒரு கை, அதில் என்ன இருக்கிறது என்பீர்கள். நல்லது. அப்படியானால் பூவம்மா நகர்ந்துகொள்ளட்டும், நீங்கள் வந்து நில்லுங்கள். காப்பைப் பிடியுங்கள். இரண்டு இழந்தவளின் கை இது, நீட்டியபடி இருக்கிறது. தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். நீங்கள் யார், உங்கள் கை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

யோகம் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன யோசிக்கிறீர்?" என்கிறாள். "போடும்."