காலை எட்டு மணி டீமன்

பழைய சர்வரை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஒரே ஒரு கவலைதான் வந்தது. அத்தைக்குக் காலையில் போகும் செய்தி நின்றுவிடக் கூடாது.

எங்களுடையது மருத்துவர்களிடம் நேரம் பதிவு செய்யும் வலைத்தளம். அதன் சர்வரில் மாஸ்டர் என்று ஒரு புரோகிராம் உண்டு. பின்னணியில் சில்லறை வேலை பார்க்கச் சின்னச் சின்ன புரோகிராம்களைத் தன்னோடு கட்டி வைத்திருக்கும். அவற்றை டீமன் என்போம். டீமன் செத்தால் மாஸ்டர் உடனே எழுப்பிவிடும்.

அதில் ஒன்று என் மனைவி எழுதியது. நோயாளிகளுக்கு மாத்திரையை நினைவூட்டும். சோதித்துப் பார்க்க அவள் முதலில் போட்டது தன் அம்மாவின், அதாவது என் அத்தையின், எண்ணை. வாசகமும் அவளுடையதுதான்: "கெழவி, மாத்திரை போட்டியா? பொய் சொல்லாத."

பிறகு நோயாளிகளெல்லாம் வேறு சேவைக்கு மாறிவிட்டார்கள். அந்த ஒரு எண் மட்டும் மிச்சம். அவள் இறந்துபோன பிறகும் தினமும் எட்டு மணிக்குச் செய்தி போனது. நானும் நிறுத்தவில்லை, அத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை.

எங்கள் டீம் லீடரைச் சுருட்டை என்று கூப்பிடுவோம். புது சர்வருக்கு எவற்றைக் கொண்டுபோவது என்று சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒரே ஒரு நம்பருக்குத் தனியா ஒரு டீமனா? யாருப்பா அந்த மகாராணி?" என்றான்.

அப்புறம்தான் எழுதியவளின் பெயரைப் பார்த்தான். டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான். திரும்பி வந்தபோது கையில் டீ இல்லை.

அன்று மதியமே அதைப் புது சர்வரில் கட்டினேன். அவளுடைய புரோகிராமைக் கிளப்பிவிட்டால் தானாகப் பின்னால் போய் மாஸ்டரின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். போகாமல் மாஸ்டரின் கண் முன்னால் நிற்கவைக்கக் கட்டளையில் ஒரு சொல் சேர்க்க வேண்டும். பழையதில் அவள் சேர்த்திருந்தாள். நான் விட்டுவிட்டேன். அது பின்னால் போய் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. செத்துவிட்டது என்று நினைத்து மாஸ்டர் இன்னொன்றை எழுப்பியது. அதுவும் பின்னால் போனது. விடிய விடிய இதேதான்.

காலை எட்டு மணிக்கு அத்தனை நகல்களும் சேர்ந்து அத்தையைக் கேட்டன. அத்தை கூப்பிட்டார். முகத்தில் பாதி சோப்போடு போனை எடுத்தேன்.

"மாப்பிள்ளை, போதும். மாத்திரை போட்டுட்டேன். இத்தனை தடவை கெழவின்னா எனக்கே வயசாயிட்ட மாதிரி இருக்கு."

சர்வரில் ஒரு தப்பு நடந்துவிட்டது, சரி செய்துவிடுகிறேன் என்றேன்.

"சர்வரா? அப்போ நீங்க அனுப்பலையா?"

"இல்ல அத்தை. அவ எழுதி வச்சது. தானா போகும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார். மகள் ஆபீசில் உட்கார்ந்து தினமும் அனுப்புகிறாள் என்றுதான் நினைத்திருந்தாராம். அவளுக்குப் பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டதாக நினைத்தாராம். மாமியாரைக் கிழவி என்று கூப்பிட்டாவது என் மனசு ஆறட்டும் என்று பேசாமல் இருந்தாராம்.

"அப்போ கேட்டுட்டு இருந்தது அவதானா? அவ இருந்தப்ப பதில் போடுவேன். அப்புறம் ஒரு தடவைகூட போடலையே, மாப்பிள்ளை."

நாளைக்கு வருமா என்று கேட்டார். வரும், ஒரு தடவை மட்டும், என்றேன்.

ஆபீஸ் போய், விட்டுப்போன சொல்லைச் சேர்த்தேன். மாஸ்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த நகல்களை ஒவ்வொன்றாகக் கொன்றேன். அந்தக் கட்டளைக்குப் பெயரே 'கில்' என்பதுதான். சுருட்டை பக்கத்து நாற்காலியில் கடைசிவரை இருந்தான்.

மறுநாள் எட்டு மணிக்குச் செய்தி ஒரே ஒரு தடவை போனது. வரும் பதில்கள் ஆபீசின் பொதுப் பெட்டி ஒன்றில் விழும். அவற்றைப் படிக்க அந்த டீமனுக்குத் தெரியாது. அவள்தான் திறந்து பார்ப்பாள். அவளுக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை.

நான் திறந்தேன்.

"போட்டுட்டேன்டி. பொய் இல்ல."

பெட்டியை மூடாமல் ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.