கட் சொல்வதற்கு முன்

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் நான் அக்கா. எனக்கு முப்பத்தேழு வயது, மற்றவர்களுக்கு இருபது, இருபத்தொன்று. முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது புது லெக்சரர் என்று நினைத்துப் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. மூன்று வருடமாகத் திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்பு படிக்கிறேன். மூன்று வருடமாகச் சரியாகத் தூங்கவில்லை.

விடிவதற்கு முன்னால் ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. மெஷினிலிருந்து படுக்கை விரிப்புகள் கொதிக்கக் கொதிக்க வரும். மடிக்க வேண்டும், அடுக்க வேண்டும். அங்கிருந்து நேராகப் பல்கலைக்கழகம். மகளுக்கு ஒன்பது வயது. காலையில் அவளைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் ஆள் வேண்டுமே என்று என் கணவர் கிடங்கு வேலையில் இரவு ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். மாலை ஐந்தே முக்காலுக்கு அவர் கிளம்புவார், விடிவதற்கு முன்னால் அவர் திரும்பியதும் நான் கிளம்புவேன். ஐந்து இருபதுக்கு நான் வீட்டுக்குள் நுழைவேன். ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்குகிற புருஷன் பெண்டாட்டி உலகத்தில் நாங்கள் மட்டுமா என்று தெரியவில்லை. ஜூனில் படிப்பு முடியும், அவர் பகல் ஷிஃப்டுக்கு மாறுவார். அந்த ஒரு ஜூனை நம்பித்தான் எங்கள் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி செமஸ்டரில், மே மாதத்தில், ஸ்டூடியோ பரீட்சை உண்டு. நேரலை போலவே பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி. நடுவில் நிறுத்தக் கூடாது, திரும்ப எடுக்கவும் கூடாது. ஒவ்வொருவரும் ஒரு முறை இயக்குநர். மற்றவர்களின் நிகழ்ச்சியில் அவரவருக்கு என்று ஒரு நாற்காலி, அதாவது ஒரு வேலை. இயக்கத்துக்கு ஒரு மார்க், நாற்காலிக்கு ஒரு மார்க். இரண்டில் எதில் விழுந்தாலும் பேப்பரே போச்சு, அடுத்த வருடம் மறுபடி எழுத வேண்டியதுதான். என் நிகழ்ச்சி போன வாரமே நன்றாக முடிந்துவிட்டது. நாற்காலி மட்டும் பாக்கி.

அந்த நாற்காலி ஸ்விட்ச்சர். கண்ட்ரோல் ரூமில் இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். மூன்று கேமராவின் படமும் எதிரே வரிசையாகத் தெரியும். இயக்குநர் "ரெடி டூ" என்றால் இரண்டாம் பட்டன்மேல் விரலை வைக்க வேண்டும், "கட் டூ" என்றால் அமுக்க வேண்டும், அந்தக் கேமராவின் படம் வெளியே போகும். சொன்னதைச் செய்ய வேண்டும், சொல்லாததைத் தொடக் கூடாது. என் குணத்துக்கு இந்த நாற்காலியைக் கொடுத்த மகராசன் யாரோ!

அன்றைக்கு ஐந்தாவது நிகழ்ச்சி பஃபரிங்குடையது. அவளை வகுப்பே அப்படித்தான் கூப்பிட்டது. எதைக் கேட்டாலும் முதலில் வாயைத் திறப்பாள், பேச்சு சற்றுக் கழித்துத்தான் வரும். அதற்குள் பையன்கள், நின்றுபோன வீடியோவில் சுற்றுகிற வட்டம் போல, காற்றில் விரலால் வட்டம் சுற்றிக் காட்டிச் சிரிப்பார்கள். வருகிற பேச்சு தெளிவாக இருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் யாருக்கு அவ்வளவு பொறுமை? எங்களுக்கு இரண்டு வருடம் முந்திய வகுப்பு அவள்; இந்தப் பரீட்சையில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்று இப்போது எங்களோடு எழுதினாள். மூன்றாவது முறையும் தோற்றால் படிப்பைவிட்டே அனுப்பிவிடுவார்கள்.

"பயப்படாத, நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்" என்றேன்.

"இல்லக்கா, நான்..."

"தெரியுதும்மா, தெரியுது. தண்ணி குடி" என்று பாட்டிலை நீட்டினேன்.

அவள் வாங்கிக் குடித்தாள். அப்போது மணி நாலு. என் பஸ் நாலு நாற்பத்தைந்துக்கு. அதை விட்டால் அடுத்தது ஐந்தரைக்குத்தான். கண்ணிமை இரண்டிலும் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

நிகழ்ச்சியில் விருந்தாளி பல்செட் செய்கிறவர். மேசைமேல் நாலு பல்செட்டுகள் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன. முதல் கேமராவில் பேட்டி எடுக்கிற எங்கள் வகுப்புப் பையன், இரண்டாவதில் விருந்தாளி, மூன்றாவதில் அவர் கைகள். முதல் மூன்று நிமிடம் ஒழுங்காகப் போயிற்று. ஒவ்வொரு கட்டும் கொஞ்சம் தாமதம், ஆனாலும் அவள் சொன்னாள், நான் அமுக்கினேன். நாலாவது நிமிடம் பல்செட்காரர் யாரும் கேட்காமலே ஒரு செட்டைக் கையில் எடுத்து, "இந்த ஓரப் பல்லப் பாருங்க, இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க" என்றார். மூன்றாம் கேமராவில் பல் பளிச்சென்று நிற்கிறது. வெளியே போகிற படத்திலோ பையன் மண்டையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். சொல்லு, சொல்லு, சொல்லித் தொலையேன் என்று எனக்குக் கை பரபரத்தது. அமுக்கிவிட்டேன்.

"கட் த்ரீ" என்றாள் அவள். அதற்குள் கட் ஆகியிருந்தது.

ஒரு தடவை அமுக்கிய விரல் அதற்குமேல் நிற்கவில்லை. பல்செட்காரர் சிரிக்கப் போகிறார் என்று தோன்றியதும் இரண்டு, பையன் அடுத்த கேள்விக்கு வாயெடுத்ததும் ஒன்று, கை அசைந்ததும் மூன்று. நான் முன்னால் போக, அவள் குரல் பின்னாலேயே வந்தது. நிகழ்ச்சி என்னமாய்ப் போயிற்று! வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முடிந்ததும் கை தட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை. ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றிவிட்டோம், பஸ்ஸும் போகவில்லை.

அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே போனாள். ஒரு தேங்க்ஸ் கூட இல்லை. பஸ் முழுக்க எனக்கு வயிற்றெரிச்சல். நன்றி கெட்ட ஜென்மம் என்று வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்டூடியோ பாடம் எடுக்கிற சார் எங்கள் இருவரையும் எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டார். ஜன்னல் இல்லாத சின்ன அறை. உட்கார்ந்ததும் எனக்குக் கொட்டாவி வந்தது, அடக்கிக்கொண்டேன். சாருக்கும் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பதினேழு நிகழ்ச்சிகளையும் தலா மூன்று முறை பார்த்திருப்பார், பாவம்.

"கண்ட்ரோல் ரூம்ல நீங்க பேசறதெல்லாம் தனியா ரெக்கார்ட் ஆகும். தெரியும்தானே?" என்றார்.

தெரியும், ஆனால் மறந்திருந்தேன். சார் படத்தோடு அந்தக் குரலையும் சேர்த்து ஓட்டினார். முதல் ஏழு கட்டுகளில் அவள் குரல் முன்னால், பட்டன் சத்தம் பின்னால். எட்டாவதிலிருந்து பட்டன் முன்னால், குரல் பின்னால். கடைசிவரை அப்படியே.

"இதுக்குப் பேரு டைரக்‌ஷன் இல்ல, கமென்டரி" என்றார் சார். "இங்க ரெண்டுல ஒண்ணுதான் நடந்திருக்கணும். இவ உறைஞ்சு போயிருக்கணும், நீங்க இவளக் காப்பாத்தியிருக்கணும். அப்படின்னா இவ ஃபெயில், இதான் கடைசி வாய்ப்பு. இல்லன்னா இவ சொல்றதுக்குள்ள நீங்க முந்தியிருக்கணும். அப்படின்னா உங்க நாற்காலி மார்க் பூஜ்யம். இவளுக்கு இந்தப் பரீட்சைய கணக்குல சேக்காம மறுபடி ஒரு வாய்ப்பு கிடைக்கும். நான் எதை எழுதறது?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள்.

"நான்..."

"பயந்துட்டா சார்" என்றேன். "சின்னப் பொண்ணு. விருந்தாளி திடீர்னு ஸ்க்ரிப்ட்ல இல்லாதத எடுத்ததும் ஆடிப் போயிட்டா. அதான் நான்..."

"அவ சொல்லட்டும்" என்றார் சார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் வாய் திறந்தபடியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு யுகம்.

"நான் பயப்படல சார்" என்றாள் அவள். "மூச்சு வாங்கினேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னாடி மூச்சு வாங்கணும். வாங்கி முடிக்கறதுக்குள்ள அக்கா அமுக்கிட்டாங்க. எல்லாத் தடவையும். அப்புறம் நான் சொல்லாம விட்டா சும்மா உக்காந்திருந்தேன்னு ஆயிடுமேன்னு பின்னாடியே சொன்னேன்."

பொய்! என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போது என் தலையில் கட்டுகிறாளே! சார் சத்தத்தைக் கூட்டி அந்த எட்டாவது கட்டை மறுபடி ஓட்டினார். பல்செட்காரர் கை உயர்கிறது. ஸ்ஸ் என்று ஒரு மூச்சு உள்ளே போகிற சத்தம். அது முடிவதற்குள் டக். பிறகு "கட் த்ரீ".

அடுத்ததை ஓட்டினார். மூச்சு, டக். அதற்கடுத்தது. மூச்சு, டக். ஹெட்செட்டின் மைக் அவள் வாயை ஒட்டி இருந்ததால் ஒன்று விடாமல் பதிவாகியிருந்தது. ஒவ்வொரு மூச்சும் சரியான இடத்தில்தான் ஆரம்பித்தது. பல் தெரிகிற இடம், சிரிப்பு வருகிற இடம், கேள்வி ஆரம்பிக்கிற இடம். எங்கே கட் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த அதே நொடியில் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"வெளிய சேனல்ல இப்படி முந்தறவங்களுக்குக் கெட்டிக்காரங்கன்னு பேரு. ஆனா இந்தப் பரீட்சை இவளோடது" என்றார் சார். "இந்த மூச்சை வெச்சு நான் எதையும் எழுத முடியாது. பயந்தவங்களும் மூச்சு வாங்குவாங்க. பட்டன் உங்க கையில இருந்துச்சு. நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன்."

வீடு ஞாபகம் வந்தது. ஜூன் ஞாபகம் வந்தது. "ஆமா சார், உறைஞ்சுதான் போயிட்டா" என்று ஒரு வரி சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன், சத்தியமாக. பக்கத்தில் அவள் தன் முழங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு எதிராக வேறு எதுவும் பேசவில்லை. அந்த நாலு மணியை நினைத்துப் பார்த்தேன். நான் காப்பாற்றவெல்லாம் இல்லை. தூக்கம், பஸ், எரிச்சல். அரை நொடி பொறுக்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான் நடந்தது.

"நான் காத்திருக்கல சார்" என்றேன். "அவ சொல்லியிருப்பா."

சார் எழுதிக்கொண்டார். எழுதும்போது ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார், ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை.

வெளியே வராந்தாவில் அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்லப் போகிறாள், நாமும் அழுதுவிடுவோம் என்று நினைத்தேன்.

"அக்கா" என்றாள். பிறகு கொஞ்சம் கழித்து, "மறு பரீட்சைக்கு ஸ்விட்ச்சர்ல நீங்க வேணாம்க்கா."

"சரிம்மா" என்றேன். நடு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. என் ஒரு வருடத்தைத் தூக்கி இவளிடம் கொடுத்திருக்கிறேன், இவள் பேசுகிற பேச்சைப் பார் என்று உள்ளே கொதித்தது. படிக்கட்டு இறங்கி முடிப்பதற்குள் அந்தக் கொதிப்பும் அடங்கிவிட்டது. நானாக இருந்தாலும் என்னை வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்குள் நுழையும்போது என் கணவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். மகள் அடுத்த அறையில் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னார் உங்க சார்?"

"பேப்பர் போச்சுங்க. இன்னும் ஒரு வருஷம்."

"அடக் கடவுளே! யாரு தப்பு?"

"என் தப்பு."

அவர் சாக்ஸை விட்டுவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் என் வாயிலிருந்து இதை அவர் கேட்டதில்லை. "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே" என்றார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், அவள் என்னை வேண்டாம் என்றதையும் சேர்த்து. அதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முந்திரிக்கொட்டைய மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல ஒருத்திக்காவது தைரியம் வந்துச்சே."

"சிரிங்க, சிரிங்க" என்றேன். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

அவர் சிரிப்பு மெல்ல நின்றது. ஷூவை எடுத்தவர் அதைக் காலில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இங்க பாரு, இந்த நைட் ஷிஃப்ட் எனக்கு..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்.

ஒரு வருஷம்தாங்க, எப்படியாவது ஓட்டிடலாம் என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதியை நான் சொல்வதற்காக நிறுத்தியிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. அவருக்கு அது பழகிப்போயிருந்தது. நான் சொல்லவில்லை. மகள் அடுத்த அறையில் ஒரு பக்கம் முழுக்கப் படித்து முடித்தாள்.

"என்னால முடியல" என்றார். "பெட்டி தூக்கறப்ப கை நடுங்குது. போன வாரம் நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். கிடங்குக்குள்ள சரக்கு வண்டி ஓட்டறவன் ஹார்ன் அடிச்சிருக்கான், எனக்குக் கேக்கல. பக்கத்துல இருந்தவங்க என்னை இழுத்து ஓரமா விட்டாங்க. இன்னும் ஒரு அடி வந்திருந்தா மேல ஏறியிருக்கும்."

"முடியலன்னு ஏங்க என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொல்ல ஆரம்பிச்சேன்."

"எப்ப?"

அவர் ஷூவைப் போட்டு நாடாவை முடிந்தார். இரண்டாவது காலையும் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"பிப்ரவரியில" என்றார்.